புல்லைக் காத்த பீரங்கி

இங்கிலாந்தின் வில்ட்ஷர் மாவட்டத்தில், சாலிஸ்பரி சமவெளியெங்கும் டாங்கிகள் ஓடித் திரும்பிய தடங்கள். திருப்பங்களில் குழி ஆழமாக விழும். மழை பெய்தால் நீர் தேங்கும். சுண்ணாம்புக்கல் அரைபட்டுக் கரைந்து வெளிறிப்போன அந்த நீரில், உள்ளிருப்பது வெளியே தெரியும் உடலோடு, ஓர் அங்குல நீளச் சிற்றிறால் ஒன்று மல்லாந்து நீந்துகிறது. குட்டை வற்றினால் இறால் செத்துவிடும், முட்டை சாகாது. காய்ந்து வெடித்த சேற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரியும். மீன் வாழும் குளம் இதற்கு ஆகாது. செடி மண்டிய குட்டையும் ஆகாது. கனமான ஏதோ ஒன்று அவ்வப்போது வந்து மிதித்துக் கலக்கிவிட்டுப் போக வேண்டும். அந்த வேலையை இங்கே டாங்கி செய்கிறது. அதன் சங்கிலிப் பட்டையில் அப்பிய சேற்றோடு முட்டைகளும் குழிக்குக் குழி போய்ச் சேர்கின்றன. இந்த இறாலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வியப்பில்தான் போய் முடிக்கிறார்கள்: கொல்வதற்கென்று செய்த கருவி உயிரைக் காக்கிறது, பாருங்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் தன் நிலங்களின் இயற்கை வளத்தைச் சொல்வதற்காக ‘சேங்க்சுவரி’ என்று ஓர் இதழே நடத்தி வந்திருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. பொய்யென்றால் மறுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். உண்மையாக இருந்தும் கேட்கும்போது நெருடுகிறது. அந்த நெருடல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதைத் தவிர இந்தக் கட்டுரைக்கு வேறு நோக்கம் இல்லை.

சாலிஸ்பரி சமவெளியில் ராணுவத்தின் கையில் இருப்பது ஏறத்தாழ 38,000 ஹெக்டேர். வில்ட்ஷரின் மொத்தப் பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு. அதற்குள் சுமார் 14,000 ஹெக்டேர் சுண்ணாம்புப் புல்வெளி. வடமேற்கு ஐரோப்பாவில் இவ்வளவு பெரிதாக மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ராணுவம் காத்தது என்று சொல்லப்படும் சொத்தில் முதன்மையானது இந்தப் புல். நல்ல இடத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகளை எண்ணலாம். இது எப்படி வந்தது? தானாக வரவில்லை. தானாக விட்டிருந்தால் முட்புதரும் மரமும் ஏறியிருக்கும். நூற்றாண்டுக்கணக்கில் ஆடு மேய்ந்து உண்டான புல் இது. பகலில் மேட்டு நிலத்தில் மேய்ந்த மந்தையை இரவில் கீழே தானிய வயலுக்கு ஓட்டிவந்து, கிளைகளால் முடைந்த தட்டிகளைச் சுற்றிலும் நிறுத்திப் பட்டி அடைப்பார்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் கிடை போடுவது போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம், அங்கே மேய்ச்சலும் கிடையும் ஒரே ஊரின் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தன. மேட்டில் தின்றது பள்ளத்தில் புழுக்கையாக விழுந்தது. வயலுக்கு உரம் சேரச்சேர மேடு சத்திழந்தது. சத்தில்லாத மண்ணில் எந்த ஒரு புல்லும் தழைத்து மற்றவற்றை அமுக்கிவிட முடியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் கிடைத்தது. நாற்பது வகை என்பதன் ரகசியம் இவ்வளவுதான். மேய்ப்பர்களும் அவர்கள் கூலிக்கு வேலை செய்த பண்ணைகளும் தானியத்துக்காகச் செய்தது, பூவாகவும் விளைந்தது. இறாலுக்கும் இதே கதைதான். டாங்கி வருவதற்கு முன் மந்தை போன பாதையிலும் வண்டித் தடத்திலும் குழி விழுந்தது. குளம்பும் சக்கரமும் முட்டையைச் சுமந்தன. டாங்கி ஒரு காலி இடத்தை நிரப்பியது. அந்த இடத்தைக் காலி செய்ததிலும் டாங்கிக்குப் பங்குண்டு என்பதைப் பாராட்டுரை எழுதுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. ராணுவம் இல்லாத இடங்களில் என்ன நடந்தது? இங்கிலாந்தின் தென்பகுதி முழுக்க இதே சுண்ணாம்புப் புல் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதில் பெரும்பகுதி உழவில் போயிற்று. ரசாயன உரம் வந்ததும் சத்தில்லாத மண் என்பதே பழங்கதையாயிற்று. மேடெல்லாம் கோதுமையும் பார்லியும் ஏறின. வேலிக்கு வெளியே வயல், உள்ளே பூ. ஆகவே பீரங்கி இல்லையென்றால் ஏர். இரண்டில் எது மேல்? கேள்வியை இப்படி வைத்தால் விடை ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தியது யார் என்று பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு ஒரு விவசாயக் குழுவை அமைத்தது. பழைய மேய்ச்சல் நிலத்தை உழச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இருந்தது. சரியாகப் பயிர் செய்யாதவரிடமிருந்து பண்ணையையே எடுத்துக்கொள்ளவும் முடிந்தது. போர் முடிந்தபின் 1947ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம் விளைபொருளுக்கு விலை உறுதி கொடுத்து அதே போக்கை நிலைநிறுத்தியது. சமவெளியின் நடுவே ஓர் ஊரைக் காலி செய்த அதே ஆண்டுகளில், அதே அரசு, அதே போரின் பெயரால், பக்கத்து மேடுகளை உழவைத்தது. ஏரும் பீரங்கியும் ஒரே கையின் இரண்டு வேலைகள். ஒரு கையால் கெடுத்ததை மறு கையால் தெரியாமல் விட்டுவைத்ததற்குப் பெயர் பாதுகாப்பு என்றால், அந்தச் சொல்லை வேறு எங்கே பயன்படுத்துவது என்று தெரியவில்லை.

பறவை ஒன்றின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். வில்ட்ஷரின் அடையாளச் சின்னம் பெரிய பஸ்டர்ட் என்ற பறவை. பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. பிரிட்டனில் அது 1832ஓடு அற்றுப்போனது. 2004இல் ரஷ்யாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சாலிஸ்பரி சமவெளியில் விட்டார்கள். பிறகு ஸ்பெயினிலிருந்தும் முட்டைகள் வந்தன. ராணுவ நிலத்தின் அமைதிதான் அதற்குத் தோதானது என்று சொல்லப்படும்போது, அந்த ஸ்பெயினில் இதே பறவை எங்கே வாழ்கிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. மக்கள் விதைத்து அறுத்து ஆடு மேய்க்கும் மானாவாரித் தானிய வெளிகளில் வாழ்கிறது. நம் கானமயிலும் இதன் நெருங்கிய உறவுதான். உலகில் மிஞ்சியிருப்பவை இருநூறைத் தாண்டாது. அவற்றில் கணிசமானவை ராஜஸ்தானில் பொக்ரான் சுடுதளத்திலும் அதைச் சுற்றியும் இருக்கின்றன. அங்கும் இதே பாராட்டு கேட்கிறது. ஆனால் ஜைசல்மர் பக்கத்து ஊர்கள் தெய்வத்தின் பெயரில் விட்டுவைத்திருக்கும் ஓரண் என்ற மேய்ச்சல் காடுகளும் அந்தப் பறவைக்கு இடம் கொடுத்து வந்திருக்கின்றன. மின்கம்பிகள் வந்து குறுக்கே விழும்வரை, அந்த ஊர்க்காரர்களால் கானமயிலுக்கு ஆபத்து என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வேட்டை நடந்தது, மறுக்கவில்லை. அதில் ஊர்க்காரர்கள் மட்டும் ஈடுபட்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

ஏர், பீரங்கி இரண்டும் இல்லாத மூன்றாவது வழி வெறும் ஆசை என்று சொல்பவர்களுக்கு, தெற்கு பிரான்ஸின் லார்ஸாக் மேட்டுநிலம் இருக்கிறது. அதுவும் சுண்ணாம்புக்கல் பூமி. மண் மெலிது, நீர் நிற்காது, ஆடு மட்டும்தான் கட்டுப்படியாகும். அந்த ஆட்டுப்பாலில்தான் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். அங்கே ஒரு ராணுவ முகாம் ஏற்கெனவே 3,000 ஹெக்டேரில் இருந்தது. 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அதை 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். அன்றைய அரசின் கண்ணில் அது ஏறக்குறைய ஆளில்லாத பொட்டல். 1972 மார்ச்சில் 103 விவசாயிகள் நிலத்தை விற்பதில்லை என்று ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். வார்தாவில் காந்தியோடு இருந்து, அவரிடம் சாந்திதாஸ் என்று பெயர் பெற்றுத் திரும்பிய லான்ஸா தெல் வாஸ்தோ அந்த மேட்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் ஆடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுவந்து ஈஃபில் கோபுரத்தின் அடியில் மேயவிட்டார்கள். அனுமதி இல்லாமல் கல்லால் ஆட்டுக்கொட்டில் கட்டினார்கள். பத்தாண்டு இழுத்தது. 1981இல் ஆட்சிக்கு வந்த மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார். அரசு அதற்குள் வாங்கிவைத்திருந்த 6,300 ஹெக்டேர் அளவான நிலம் 1985இல் விவசாயிகளே நடத்தும் சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்குப் போனது. பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் நமக்கு வேண்டியது. புல் அழிந்துவிடவில்லை. 2011இல் லார்ஸாக் உள்ளிட்ட அந்த மேட்டுநிலங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, காரணமாகக் காட்டியதே அங்கு தொடர்ந்து வந்த மேய்ச்சல் வாழ்க்கையைத்தான். ரோக்ஃபோருக்கு நல்ல விலை கிடைத்ததால் லார்ஸாக் பிழைத்தது, வில்ட்ஷர் ஆட்டுக்காரருக்கு அப்படி ஒரு பாலாடைக்கட்டி இல்லை என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அப்படிச் சொன்ன மறுகணம் விவாதம் துப்பாக்கியை விட்டு விலைக்கும் கொள்கைக்கும் வந்துவிடுகிறது. வரவேண்டிய இடமும் அதுதான். இன்னொன்று: லார்ஸாக்கின் பழைய முகாம் மூடப்படவில்லை. 2016இல் பிரெஞ்சு ராணுவத்தின் வெளிநாட்டவர் படையைச் சேர்ந்த பிரிவு ஒன்று அங்கே குடியேறியது. முகாமும் கிடையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியும் என்பதற்கும் அதே மேடு சாட்சி.

ஜார்க்கண்டின் நேதர்ஹாட் மலைப்பகுதியையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே ராணுவச் சுடுபயிற்சிக்குப் பயன்பட்ட சட்டம் பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன 1938ஆம் ஆண்டின் பீரங்கிப் பயிற்சிச் சட்டம். சுடுபயிற்சி நாட்களில் ஊரைவிட்டுப் போ, முடிந்ததும் வா என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. அறிவிக்கப்பட்ட பரப்பு 1,471 சதுர கிலோமீட்டர், 245 ஊர்கள். 1994 மார்ச்சில் ஆதிவாசிகள் வழியை மறித்து உட்கார்ந்தார்கள். ராணுவ வண்டிகள் திரும்பிப் போயின. அறிவிக்கையை இனி நீட்டிப்பதில்லை என்று மாநில முதலமைச்சர் ஹேமந்த் சோரன் அறிவித்தது 2022இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொரு மார்ச்சிலும் அந்த மக்கள் கூடி நின்றார்கள். அந்தக் காடும் மலையும் மக்கள் இருந்ததால் பாழாய்ப் போய்விட்டன என்று எவரும் எழுதியதாகத் தெரியவில்லை.

திரும்ப வில்ட்ஷருக்கு. 1897இல் போர் அமைச்சகம் அங்கே நிலம் வாங்கத் தொடங்கியபோது, அமெரிக்கத் தானியம் வந்து இறங்கி இங்கிலாந்து விவசாயம் நொடித்துக் கிடந்தது, நிலம் மலிவு. வற்புறுத்தல் பெரிதாகத் தேவைப்படவில்லை. விற்க ஆள் இருந்தார்கள். சமவெளியின் நடுவிலிருந்த இம்பர் என்ற சிற்றூரையும் 1920களின் இறுதியிலிருந்து துண்டு துண்டாக வாங்கி, போர் தொடங்குமுன் தேவாலயம், மதுக்கடை போன்ற சிலவற்றைத் தவிர எல்லாவற்றையும் ராணுவம் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. குடியிருந்தவர்கள் வாடகைக்காரர்கள் ஆனார்கள். 1943 நவம்பர் 1 அன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, 47 நாட்களில் காலி செய்யச் சொன்னார்கள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்கப் படைகள் தெருச்சண்டை பழக வேண்டும். டிசம்பர் 17க்குள் ஊர் வெறுமையாயிற்று. நாற்பதாண்டுக்கு மேல் பட்டறை நடத்திய கொல்லர் தன் பட்டடைக்கல்லின் மேல் சாய்ந்து அழுதார் என்று ஒரு கதை உண்டு. இம்பரைப் பற்றி யார் எழுதினாலும் அவரை அழவைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். அந்தக் கண்ணீரைவிட, வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்ற பத்திரம்தான் அங்கே நடந்ததை அதிகம் சொல்கிறது. போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். போர் முடிந்தது, திருப்பித் தரவில்லை. 1961இல் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊருக்குள் போய்க் கூடி நியாயம் கேட்டார்கள். பொது விசாரணை நடந்தது. ராணுவப் பயன்பாடு தொடரலாம் என்று முடிவானது. செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை மட்டும் பராமரித்து, ஆண்டுக்கொருமுறை வழிபாட்டுக்குத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. இப்போது ஆகஸ்டில் ஒரு நாள் பழைய லண்டன் மாடிப் பேருந்துகள் அங்கே ஓடுகின்றன. கூட்டம் வருகிறது, படமெடுக்கிறது, போகிறது.

இம்பரில் தங்கி யோசிக்க வேண்டிய இடம் இதற்குப் பின் வருவது. ஊரைக் காலி செய்த ராணுவத்துக்கு ஊர் தேவைப்பட்டது. 1970களில் வட அயர்லாந்துக்குப் போகும் சிப்பாய்களுக்காக இம்பரிலேயே புதிதாகக் கல்வீடுகளைக் கட்டினார்கள்: நான்கு சுவர், கூரை, கதவில்லாத வாசல், கண்ணாடியில்லாத சன்னல். யாரும் குடியிருப்பதற்காக அல்ல. அது போதாமல் 1988இல் சில மைல் தள்ளி கோப்ஹில் டவுன் என்ற இடத்தில் ஜெர்மானிய கிராமத்தின் சாயலில் ஒரு முழு ஊரையே எழுப்பினார்கள். சோவியத் படையோடு ஜெர்மனியில் மோத நேரும் என்பது கணக்கு. கணக்கு மாறியது, பிறகு அதே தெருக்களில் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போகிறவர்கள் பழகினார்கள். வேல்ஸின் எபின்ட் மலையில் 1940இல் 54 வீடுகளிலிருந்து வெல்ஷ் மொழி பேசிய 219 பேரை வெளியேற்றினார்கள். அங்கே அவர்களுடைய பாபெல் தேவாலயம் இடிந்து அடிச்சுவராகக் கிடக்க, பயிற்சிக்கென்று கட்டிய ஊரில் போலித் தேவாலயமும் போலிக் கல்லறைகளும் நிற்கின்றன. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வினில், அமெரிக்க ராணுவம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஈராக்கிய ஊர்களைக் கட்டி, ஈராக்கிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களையே கூலிக்கு அமர்த்தி, ஊர்க்காரர்களாக நடிக்க வைத்தது. ரொட்டி விற்பார்கள், கத்துவார்கள், குண்டடிபட்டது போல் விழுவார்கள். நெருடல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே கொஞ்சம் புலப்படுகிறது. மேய்ப்பவரை எடுத்துவிட்டுப் புல்லை வைத்துக்கொள்வதும், குடியிருப்பவரை எடுத்துவிட்டு ஊரை வைத்துக்கொள்வதும் ஒரே செயல். செய்த ஆளை நீக்கிவிட்டு, செய்ததன் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. அதில் ஒரு பாதிக்கு இயற்கைப் பாதுகாப்பு என்றும் மறு பாதிக்குப் போர்ப்பயிற்சி என்றும் தனித்தனியாகப் பெயர் வைத்திருப்பதால் இரண்டும் ஒன்று என்பது கண்ணில் படுவதில்லை. 1942 ஏப்ரல் 13 அன்று இம்பர் சுடுதளத்தில் விமானத் தாக்குதலைச் செய்துகாட்டினார்கள். ஹரிக்கேன் விமானம் ஒன்றின் விமானி, பார்க்க வந்து நின்றிருந்தவர்களை இலக்குக்காக வைத்த பொம்மைகள் என்று எண்ணிச் சுட்டார். 25 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமடைந்தார்கள். நின்றவர்கள் பெரும்பாலும் ராணுவத்தார்தான். விபத்து என்பதில் ஐயமில்லை, அந்த விமானியைக் குற்றம் சொல்வதிலும் பொருளில்லை. ஆளில்லை என்று தீர்மானித்துவிட்ட நிலத்தை மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஆள் எப்படித் தெரிவார் என்பதை அந்த ஒரு மதியம் காட்டிவிட்டது.

இப்போது எதிர்வாதங்கள். ஹிட்லரை எதிர்த்து நடந்த போரில் நூற்றைம்பது பேரின் வீடுகளைப் பெரிதாகப் பேசலாமா? பேசவில்லை. 1943இன் தேவையை ஒப்புக்கொள்கிறேன். தெருச்சண்டை தெரியாத சிப்பாய் தானும் சாவான், தெருவில் இருக்கிறவர்களையும் சாகடிப்பான். கேள்வி 1945க்குப் பிறகு தொடங்குகிறது. அவசரத்துக்கு வாங்கியதைத் திருப்பித் தராமல் இருக்க வேறு அவசரம் ஒன்று ஒவ்வொரு பத்தாண்டிலும் கிடைத்துக்கொண்டே இருந்தது: சோவியத், அயர்லாந்து, வளைகுடா. அடுத்த மறுப்பு, இம்பர் எப்படியும் செத்துக்கொண்டிருந்த ஊர் என்பது. 1851இல் 440 பேர், 1931இல் 152 பேர். நல்ல சாலை இல்லை. இருபதாண்டு போனால் தானே காலியாகியிருக்கும். இருக்கலாம். ஆனால் ஓர் ஊர் தேய்வதற்கும் அதைத் துடைத்துவிடுவதற்கும் நடுவில் அந்த ஊர்க்காரரின் முடிவு என்று ஒன்று இருக்கிறது. மேலும், சுற்றியிருந்த நிலம் ராணுவத்தின் கைக்கு மாறிக்கொண்டே வந்தபோது ஊர் தேய்ந்ததை ஊரின் இயல்பான ஆயுள் முடிவு என்று எழுதுவது சரியான கணக்காகாது. மூன்றாவது மறுப்புதான் எனக்குக் கடினமாக இருக்கிறது: காரணம் எதுவானால் என்ன, பலன் நல்லது, அந்தச் சிற்றிறாலுக்கு வரலாறு தெரியாது, அதை அழிய விடவா சொல்கிறீர்கள்? சொல்லவில்லை. இறாலும் புல்லும் இருக்கட்டும். அவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ராணுவப் பயிற்சிக்கு நிலம் தேவையென்றால் அந்தத் தேவை தன் சொந்தக் காலில் நின்று வாதாட முடியும். நாடாளுமன்றத்தில் வாதாடியும் இருக்கிறது. பட்டாம்பூச்சியைத் துணைக்கு அழைக்கும்போது வாதம் வேறொன்றாக மாறிவிடுகிறது: நீங்கள் போனது நல்லதாயிற்று என்று போனவர்களிடம் சொல்வதாகிவிடுகிறது. போகச் சொன்ன நாளில் இப்படி ஒரு காரணம் அவர்களுக்குச் சொல்லப்படவே இல்லை. பின்னாளில் புல்வெளிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. இனி எவரேனும் திரும்பிவர நினைத்தால் அந்தப் பாதுகாப்பே தடையாக நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ராணுவம் என்றால் நிலத்தைக் காலி இடமாக மட்டுமே பார்க்கும் என்று முடித்துவிட மனம் ஒப்பவில்லை. 2011இல் தொடங்கிய ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற திட்டத்தில், ஆப்கானிஸ்தானில் காயப்பட்டுத் திரும்பிய சிப்பாய்களைத் தொல்லியல் அகழ்வில் ஈடுபடுத்தினார்கள். சமவெளியின் பேரோ கிளம்ப் என்ற மேட்டில் வளைக்கரடிகள் வளை தோண்டிப் பழைய எலும்புகளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. அங்கே ஆறாம் நூற்றாண்டுச் சாக்ஸன் கல்லறைகளை இந்தச் சிப்பாய்கள் கரண்டியாலும் தூரிகையாலும் மண் விலக்கி எடுத்தார்கள். அந்தக் கைகள் அந்த இடத்தில் யார் வாழ்ந்தார்கள் என்று தேடின. பயிற்சி நிலம் கற்றுக்கொடுக்கும் பார்வைக்கு நேர் எதிரானது இது. ஆனாலும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் குடியிருந்தவர்களைத் தேடுவதில் எவருக்கும் சங்கடம் கிடையாது. அவர்கள் வீட்டைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

நடைமுறையில் அமைச்சகத்துக்கே தெரிந்துபோன உண்மை ஒன்றும் உண்டு. பீரங்கி மட்டும் போட்டால் புல் நிற்காது. குண்டு விழும் இடங்களில் முட்புதர் ஏறத் தொடங்கியதும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தோடு பெரிய திட்டம் போட்டுப் புதரை வெட்டி, மாடுகளையும் ஆடுகளையும் தற்காலிக வேலிக்குள் மேயவிட்டார்கள். மேய்ப்பவர் மறுபடி வேண்டியிருந்தார், ஒப்பந்தக்காரராக. சமவெளியின் ஓரங்களில் அமைச்சகத்தின் குத்தகைதாரர்களாக விவசாயிகள் இன்றைக்கும் பயிர் செய்கிறார்கள். டில்ஷெட், ஷ்ரூட்டன், சிட்டர்ன் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் சாலையை டாங்கி கடக்கும் என்று பலகை இருக்கிறது, சுடுபயிற்சி இரவுகளில் சன்னல் அதிர்கிறது, வியாபாரம் சிப்பாய்களை நம்பி ஓடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் ராணுவத்தை வெறுக்கவில்லை, பலருக்குச் சோறு போடுவதும் அதுதான். ஆக, மனிதரும் மந்தையும் முகாமும் அருகருகே வாழ முடியாது என்பதை அந்த நிலமே பொய்யாக்கிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து படைகளைத் திருப்பி அழைக்க முடிவானபோது, ஏறத்தாழ 4,000 சிப்பாய்களையும் அவர்கள் குடும்பங்களையும் வில்ட்ஷரில் குடியேற்ற வேண்டியிருந்தது. லார்க்ஹில், புல்ஃபோர்ட், லட்ஜர்ஷால் ஊர்களில் நூற்றுக்கணக்கில் புது வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடம், சாலை, கழிவுநீர்க் குழாய் எல்லாம் வந்தன. அதற்காகத் தோண்டியபோது புதிய கற்காலக் குழிகள் கிடைத்தன, பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சமவெளியின் விளிம்பில் அத்தனை குடும்பங்களுக்கு இடம் இருந்தது, புல்லைப் பாதிக்காமல் கட்டுவது எப்படி என்று அதிகாரிகள் உட்கார்ந்து வழியும் கண்டார்கள். இம்பருக்காக அப்படி ஒரு வழியைத் தேட 1945இலோ 1961இலோ எவரும் உட்காரவில்லை.